பீக்கோவுக்குக் கவ்வாத்து

ரோசாச் செடியின் முன்னால் நின்று சண்முகராஜா கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்க்கிறார். செடியில் மொட்டு விட்டிருக்கிறது. உள்ளேயிருந்து மனைவி யோகேஸ்வரி, அந்தப் பக்கம் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு அந்தப் பூதான் இருக்கிறது என்று எச்சரிக்கிறார். இவர், “இல்லையப்பா, சும்மா பாக்கிறன்” என்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு கிளை கீழே விழுந்துவிடுகிறது. அதைக் காலால் வேலிப்பக்கம் தள்ளிவிட்டு, மழை வருமா என்று ஆராய்கிறவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். போனது மொட்டு விட்ட கிளை என்பது யோகேஸ்வரிக்கு மத்தியானம்தான் தெரியவரும். அதுவரைக்கும் வீட்டில் சமாதானம்.

கொட்டகலைக் கடைத்தெருவில் சண்முகராஜாவின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்டாக்கையா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடும். தோட்டத்தில் மலைவேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தருக்குக் கண்டாக்கு என்று பெயர். அந்த உத்தியோகத்தில் இருந்து அவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாவகச்சேரியில் இருந்து, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று மலைக்கு வந்தவர். திரும்பவேயில்லை. இங்கே அவர் பேசுவதை யாழ்ப்பாணப் பேச்சு என்று சிரிக்கிறார்கள். ஊருக்குப் போனால் மச்சான்மார் தோட்டத்துப் பேச்சு என்று சிரிக்கிறார்கள். “எங்க வாய் திறந்தாலும் நான் வெளியூர்க்காரன். அதால தேவையான இடத்தில மட்டும்தான் கதைக்கிறன்” என்பார். தேவையில்லாத இடம் என்று அவருக்கு ஒன்று இருப்பதாக இதுவரை யாரும் கண்டதில்லை.

அவருக்கு உயிரான சொல் கவ்வாத்து. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தட்டையாக வெட்டிவிடுவார்கள். வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் புதிதாக வந்தவர்கள் மலையே செத்துவிட்டது என்று நினைப்பார்கள். வெறும் குச்சிதான் நிற்கும். கொஞ்ச காலத்தில் அதே குச்சியில் இருந்து அப்படியொரு கொழுந்து கிளம்பும். ஆண்கள் வரிசையாக நின்று கத்தி வீசுகிற வேலை அது. சண்முகராஜா நின்று செய்வித்த கவ்வாத்து என்றால் கொழும்பில் இருந்து வருகிற பெரியவர்கள் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். இதை அவரே சொல்வார். சொல்லிவிட்டு, “அந்த ரோட்டில அவையள் காரை நிப்பாட்டி இறங்க வேற அவசரமும் இருந்திருக்கும்” என்று தானே காற்றைப் பிடுங்கிவிடுவார்.

அந்த வேலை கையில் ஊறியதோ மூளையில் ஊறியதோ, எதையும் வெட்டிவிட்டால் திருந்திவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தை, அவர்கள் கேட்காமலே, நல்லெண்ணத்தோடு வெட்டிவிட்டார். அது காய்ப்பதை நிறுத்திவிட்டது. ஜன்னல் திரை நீளம் என்று அடிப்பக்கத்தைக் கத்தரித்தார்; முதல் தடவை தோய்த்ததும் திரை சுருங்கி, இப்போது தெருவில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் நடக்கிற கால்கள் எல்லாம் தெரிகின்றன. ஒரு காலத்தில் அவருக்கு நல்ல மீசை இருந்தது. “இடப்பக்கம் கொஞ்சம் கூட எண்டு வெட்டினன். பிறகு வலப்பக்கம் கூடிப்போச்சு. சமன் செய்து சமன் செய்து, கடைசியில சரியாச் சமன் வந்தது. மீசைதான் இல்லை” என்று வெறும் மேலுதட்டைத் தடவிக் காட்டுவார். மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடுவது அவர் வழக்கம். அந்த ஓட்டத்தில் அவரை யாரும் முந்தியதில்லை.

பீக்கோ அந்த வீட்டுக்கு வந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. பழைய தோட்டத்தை நிர்வகித்த தொரைக்கு இரத்தினபுரிப் பக்கம் மாற்றல் கிடைத்தது. அங்கத்தைய வெக்கை ஸ்பானியல் நாய்க்கு ஆகாது என்று தொரையின் மனைவி அதைக் கொண்டுவந்து விட்டுப்போனார். தேயிலை ரகத்தின் பெயரை நாய்க்கு வைத்தவரும் அந்த அம்மாதான். நீளமான காது, நனைந்த கண், நடக்கும்போது வயிற்றின் கீழும் கால்களிலும் அசைகிற மெல்லிய பட்டுமுடி. பால் விடாத தேயிலைச் சாயத்தைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெயிலில் பிடித்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். கடைத்தெருவில் அப்படியொரு நாயை யாரும் வைத்திருக்கவில்லை. பின்னேரம் பதுளை ரயில் வருகிற நேரத்துக்கு அவர் ஸ்டேசனுக்கு நடந்து போவார். ரயிலில் அவருக்கு யாரும் வரப்போவதில்லை, அவரும் எங்கும் போகப்போவதில்லை, சும்மா பார்க்கத்தான். பீக்கோ சங்கிலி இல்லாமல் அவர் குதிகாலை ஒட்டியே வரும். அவர் நின்றால் நிற்கும். மலையில் இருந்த காலத்தில் தன் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்பார். தொரை நாயோடு போகிறாரே என்று யாராவது சீண்டினால், “சேர்விஸ் முழுக்கக் கேட்டுத் தராத புரமோசனை நாய் தந்திருக்கு” என்று பதில் வரும்.

பருவம் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. விடிகிற நேரம் கேட்டைத் திறந்தால் கொட்டகலைக் கடைத்தெருவில் உள்ள ஆண்நாய்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம் போலவே இருந்தது காட்சி. “எல்லாரும் நேரத்துக்கு ஆஜர். பேர் கூப்பிட நான்தான் இல்லை” என்று அதையும் கதையாக்கிவிட்டார். ஆனால் யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் கோலம் நிற்கவில்லை, பால்காரர் உள்ளே வரப் பயந்தார், இரவெல்லாம் ஊளை. ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். முடிவெடுத்தால் மறுபேச்சு இல்லை. பீக்கோவை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்க் கர்ப்பத்தடை ஒப்பரேசன் செய்வித்தார்கள். செய்தவர் மிருக வைத்தியர் ஹம்சினி, நானுஓயாப் பிள்ளை, வயது குறைவு, பொறுமை அதிகம். ஒப்பரேசனுக்குப் பிறகு சில மாதத்தில் இந்த இனத்துக்கு, அதிலும் இந்த நிறத்துக்கு, முடி மாறக்கூடும் என்று அவர் அன்றைக்கே விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். சண்முகராஜா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் கவனம் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே, வைத்தியசாலையின் வேலிச்செடி கண்டபடி வளர்ந்து நிற்பதிலேயே இருந்தது.

மாற்றம் காலில் இருந்து ஆரம்பித்தது. பட்டுப்போல அசைந்த முடி தடித்துப் பஞ்சாகி, பீக்கோ காலுறை போட்டுக்கொண்டது போல் ஆனது. பிறகு காது, வயிறு, கடைசியில் முதுகு. மினுமினுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. சாயத்தில் யாரோ பாலை ஊற்றிவிட்டார்கள். மானாப்புல் விதை, காய்ந்த சருகு, அட்டை, எது பட்டாலும் அந்தப் பஞ்சில் தங்கிவிடும். நடந்துவிட்டு வந்ததும் யோகேஸ்வரி உப்போடு உட்கார்ந்து அட்டை தேடுவார். குளிருக்குக் கம்பளி போடுகிறது, அறிவுள்ள நாய் என்று முதலில் சண்முகராஜா பெருமைப்பட்டார். வெயில் காலம் வந்தும் கம்பளி கழலவில்லை.

ஸ்டேசனில் பேச்சு மாறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மே மே என்று கத்தினார்கள். ரயிலில் இருந்து எட்டிப் பார்த்த வெள்ளைக்காரி ஒருத்தி படம் எடுத்துக்கொண்டு, இது என்ன இனம் என்று கேட்டாள். தான் ஒரு முகபாவமும் இல்லாமல், இது லங்காவில் மட்டும் உள்ள மலைநாய் என்று சொல்லி அனுப்பிவிட்டதாக அவர் வீட்டில் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாள் ஸ்டேசனுக்குப் போகும்போது கடைத்தெரு வழியாகப் போகாமல் பின்பாதையால் போனார். பீக்கோவின் அழகில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக அவர் நினைத்திருந்தார். அந்தப் பங்கு குறைந்தது அவருக்கு உறைத்தது.

டொக்டரிடம் காட்டச் சொன்னார் யோகேஸ்வரி. டொக்டருக்கு என்ன தெரியும் என்று சண்முகராஜா கேட்கவில்லை. அவ்வளவு துணிவு கிடையாது. “இது நோய் வருத்தம் இல்லையப்பா. செடி முத்திப்போச்சு. கவ்வாத்துக்கு வந்திட்டுது” என்று மட்டும் சொன்னார். நாயையும் தேயிலையையும் ஒன்றாக்க வேண்டாம் என்று யோகேஸ்வரி சொன்னதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. எத்தனை வருடம் கழித்துத் தன் படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

வேலையை முறைப்படியே செய்தார். கவ்வாத்துக்கு முன்னால் மலையை இளைப்பாற விடவேண்டும், செடி வேரில் பலம் சேர்த்துக்கொள்ளும். ஆகவே பீக்கோவுக்கு நடையை நிறுத்தி, நாளுக்கு ஒரு முட்டை கொடுத்தார். கடும் வெயிலில் வெட்டக்கூடாது, குச்சி கருகும். ஆகவே வானம் மூடலான ஒரு நாளைத் தெரிவு செய்தார். அது குளிர் அடிக்கிற ஆடிக் காற்று மாதம் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை. யோகேஸ்வரி அட்டனுக்குக் கலியாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தார். இதுவும் முறையின் ஒரு பகுதிதான். சலூன்காரர் முத்துலிங்கத்தை வீட்டுக்கு அழைத்தபோது அவர், மனிதர் தலை என்றால் தன் பொறுப்பு, இது தன் தொழிலில் இல்லை என்று முடிவெட்டும் மெசினை மட்டும் இரவல் கொடுத்துவிட்டுக் கழன்றுகொண்டார்.

பீக்கோ அவரை நம்பியது. மெசின் உறுமியபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. அவர் முகத்தைக் கண்டதும் மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது. பிற்பாடு அவரை அதிகம் வதைத்தது அந்தப் பார்வைதான். முதுகை மட்டமாக இழுத்தார். வயிற்றை இழுத்தார். காதை, காலை, வாலை இழுத்தார். கவ்வாத்துச் செய்யும்போது செடி மூச்சுவிடுவதற்கென்று ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பது சில மலைகளில் வழக்கம். அந்த வழக்கப்படி கழுத்துக்குப் பின்னால் ஒரு குடுமியை விட்டுவைத்தார். எட்டி நின்று பார்த்தபோது வேலை அவருக்குத் திருப்தியாகவே இருந்தது. வெட்டின மலை முதலில் அசிங்கமாகத்தான் இருக்கும்.

யோகேஸ்வரி பின்னேரம் வந்து கேட்டைத் திறந்தார். பட்டுச்சேலையோடு அப்படியே நின்றார். ரோசா நிறத் தோல் தெரிகிற, குடுமி வைத்த ஒரு சின்ன உருவம் நடுங்கிக்கொண்டு அவர் காலுக்குள் வந்து ஒளிந்தது. அவர் ஏசவில்லை. “உங்கட கைக்கு உயிருள்ளது ஒண்டும் தப்பாது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் கம்பளிச் சட்டையின் கைகளை மடித்துப் பீக்கோவுக்குப் போட்டுவிட்டு, கவ்வாத்துக் கத்தியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கத்தி செய்த குற்றம் இல்லை அது, மெசின் செய்தது என்று சண்முகராஜா சொல்ல நினைத்தார். நல்ல காலம், சொல்லவில்லை.

அன்றில் இருந்து பீக்கோ அவரிடம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது. யோகேஸ்வரி கூப்பிட்டால் வரும், சாப்பிடும், திரும்பப் போய்விடும். இவர் கையை நீட்டினால் மூக்கைக்கூடக் கொண்டுவராமல் பின்வாங்கும். ரயில் நேரம் வந்ததும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, இரண்டு தரம் இருமுவார். புறப்படுகிறோம் என்பதற்கு அவர்களுக்குள் இருந்த அடையாளம் அது. உள்ளே எதுவும் அசையாது. தனியாகப் போய்வருவார். பாதையில் அடிக்கடி நிற்பார். குதிகாலில் மூச்சுப் படவில்லை என்றதும் மறுபடி நடப்பார். கடைத்தெருவில் நாய் எங்கே என்று கேட்டவர்களுக்கு, “அவவுக்கு என்னோட வர வெக்கம். எனக்கும் என்னோட வர வெக்கம்தான், ஆனால் வேற வழியில்லை” என்று சொல்லிச் சிரிப்பு மூட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு உண்மையில் துக்கமாக இருந்தது. ஒரு நாய்க்காக இப்படி இருக்கிறதே என்பதில் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

கொழுந்து வரும், அப்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்று காத்திருந்தார். ஒவ்வொரு காலையும் கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். வந்தது. முதலில் வந்தது பஞ்சு. பழையதைவிட அடர்ந்த, நிறம் செத்த பஞ்சு. அதுவும் கண்ட இடத்தில் வந்தது. முதுகின் ஒரு பக்கம் திட்டாக ஒன்றுமே வரவில்லை. விட்டுவைத்த குடுமி மட்டும் செழித்து வளர்ந்தது. தன் காலத்தில் இப்படியொரு மலையைக் காட்டியிருந்தால் அந்த வேலைக்காரனை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன் என்று யோகேஸ்வரியிடம் ஒப்புக்கொண்டார். அவர் பதிலுக்கு, நாளைக்கு வாடகை வான் சொல்லியாயிற்று, டொக்டரிடம் போகிறோம் என்றார்.

ஹம்சினி மேசைமேல் பீக்கோவை நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குடுமியைப் பிடித்துப் பார்த்தார். தொண்டைச் சுரப்பியில் கோளாறு இருந்தாலும் முடி இப்படிப் போகும் என்று கண்டிக்கு அனுப்ப இரத்தம் எடுத்து வைத்தார். பிறகு, இதை யார் வெட்டியது என்று கேட்டார்.

“ஒரு மூளை பிசகின விசரன், டொக்டர். ஆளை எனக்குத் தெரியும்” என்றார் சண்முகராஜா. “நல்ல எண்ணத்திலதான் செய்தவன்.”

ஹம்சினிக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு, முதல் தடவை சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொன்னார். ஒப்பரேசன் செய்தது பிழையில்லை. அதனால் கர்ப்பப்பை நோய்கள் வராது, வாசலில் கூட்டமும் வராது. ஆனால் உடம்பில் ஒரு சுரப்பு நின்றுபோகிறபோது சில ஸ்பானியல்களுக்கு, முக்கியமாக இந்தப் பொன்னிறத்துக்கு, உள்ளே இருக்கிற பஞ்சுமுடி பெருகி உதிராமல் நின்றுவிடும். மேலே இருக்கிற பட்டுமுடி போய்விடவில்லை. பஞ்சு அதை மூடிவிடுகிறது.

“மெசின் போட்டா ரெண்டும் ஒண்ணா வெட்டுப்பட்டுருங்க ஐயா. பஞ்சுதான் முந்திக்கிட்டு வளரும். பட்டுமுடி வர நாளெடுக்கும், சில எடத்துல வராமலே போகும்.”

“அப்ப கவ்வாத்து?”

“அது செடிக்குங்க ஐயா.”

சண்முகராஜாவுக்கு இவ்வளவு வயதாகும் வரை யாரும் சொல்லாத பதில் அது. இனி என்ன செய்யலாம் என்று கேட்டபோது அவர் குரலில் வழக்கமான கேலியோ பகிடியோ இல்லை. ஹம்சினி பீக்கோவின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, உலர்ந்த பஞ்சில் ஒரு சின்னப் பிடியை முடி போகிற போக்கிலேயே மெல்ல இழுத்தார். அது வலியில்லாமல் கழன்று வந்தது. தினமும் கொஞ்சம், நாய் விரும்புகிற அளவுக்கு மட்டும். வராததை இழுக்கக் கூடாது, அசைந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். பழைய மினுமினுப்பு முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். சண்முகராஜாவுக்கு மினுமினுப்பு இப்போது பெரிய விடயமாகப் படவில்லை. இந்த நாய் தன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து உட்காருமா என்பதுதான் அவர் கேட்க நினைத்தது. அதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை என்பதால் கேட்கவில்லை.

வான் திரும்பி வரும் வழி நெடுக இரண்டு பக்கமும் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை நிறையக் கிள்ளி, திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போடுகிற அவர்களின் விரல்களையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார். “யோகேஸ், என்ர சேர்விஸில எத்தினை ஆயிரம் தரம் ஒழுங்கா எடு, ஒழுங்கா எடு எண்டு கத்தியிருப்பன். ஒரு நாளாவது ஒரு கொழுந்தை நான் கிள்ளிப் பாத்திருப்பனே?” யோகேஸ்வரி மடியில் இருந்த பீக்கோவின் கம்பளிச் சட்டையைச் சரிசெய்தார்.

இரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்று செய்தி வந்தது. அதன் பிறகு தினமும் பின்னேரம் அவர் யோகேஸ்வரி சமைக்கிற குசினியின் பின்படியில் போய் உட்காரத் தொடங்கினார். ரயில் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். கையில் எதுவும் வைத்திருப்பதில்லை; வெறும் கை என்று தெரியும்படி இரண்டையும் முழங்காலில் விரித்து வைத்திருப்பார். பீக்கோ கதவு நிலைக்கு உள்ளே படுத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிடக் கூடாது என்பது அவர் தானாகக் கண்டுபிடித்தது. அவரைப் போன்ற ஒருவருக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை யோகேஸ்வரி மட்டுமே அறிவார். ஒருநாள் நித்திரையில் இருந்த நாயிடம் மெல்ல நகர்ந்துபோய் ஒரு பிடி இழுத்தார். அவசரத்தில் வேரோடு இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. பீக்கோ வீரிட்டுக்கொண்டு உள்ளே ஓடியது.

அந்த நேரம் பார்த்து வீரம்மா கீரைக்கட்டோடு பின்பக்கத்தால் வந்தார். அவர் மலையில் கொழுந்து எடுத்த காலத்தில் இவரிடம் வாங்காத ஏச்சு இல்லை. இப்போதும் பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். பின்னேரம் கீரை கொண்டுவருவது வழக்கம். நடந்ததைப் பார்த்துவிட்டார். கீரையைப் படியில் வைத்தார். இடுப்பில் கையை ஊன்றி, சண்முகராஜாவின் பழைய குரலிலேயே ஆரம்பித்தார்.

“கொழுந்தோட முத்தலையும் சேத்துப் புடுங்குறது யாரு? கண்ணு எங்கிட்டு இருக்கு? பேரு வெட்டிருவேன், இன்னைக்குச் சம்பளம் கெடையாது.”

யோகேஸ்வரி உள்ளே சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சண்முகராஜாவும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வீரம்மா, நான் இப்பிடியே ஏசினனான்?” என்று கேட்டார்.

“இதுல பாதி கூட இல்லீங்க ஐயா. மிச்சத்த டீச்சரம்மா இருக்கையில சொல்ல முடியாது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு ஒரு பகிடி சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, விட்டுவிட்டார். வீரம்மாவும் அதை மேலே இழுக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. மழை நாட்களிலும் சாக்கை விரித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பீக்கோ சில நாள் கதவு நிலை வரை வந்தது, சில நாள் வரவே இல்லை. யோகேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். முன்பென்றால் எத்தனை சீனி, ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று ஒரு வழக்கு நடந்திருக்கும். இப்போது பேசாமல் குடித்தார். வேலியில் செவ்வரத்தைச் செடி தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. அவர் அதைப் பார்த்தது போலவே தெரியவில்லை.

பிறகு ஒரு பின்னேரம். மலை முழுவதும் பனிப்புகார் இறங்கி, ரயில் சத்தம் மட்டும் கேட்டது. பீக்கோ எழுந்து வந்தது. அவரை மோந்து பார்க்கவில்லை, வாலாட்டவில்லை. படியில் இறங்கி, ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அது பின்னால் சரிந்து, தன் பாரத்தை அவர் காலில் சாய்த்துக்கொண்டது. சண்முகராஜா மூச்சை மெதுவாக விட்டார். காதுக்குப் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, உலர்ந்த பஞ்சை மட்டும் பார்த்து, ஒரு சின்னப் பிடி எடுத்தார். பீக்கோ கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு பிடி. வலக்கை போன வழியே இடக்கையும் போகத் தொடங்கியது. விரல்கள் தேடின, முத்தலை விட்டன, வருவதை எடுத்தன. யோகேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து, கூப்பிடாமல் நின்றார். சண்முகராஜாவின் கை நிறைந்துவிட்டது. நாயில் இருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் திரும்பாமல், கைநிறைய இருந்த பஞ்சைத் தோளுக்கு மேலால், முதுகில் இல்லாத கூடைக்குள் போட்டார்.